நூற்றுப் பதினான்காம் நம்பர் சீட் கவர்

ரிஜெக்ட் ஆகும் ஒவ்வொரு பீஸுக்கும் எதற்கு இரண்டு கையெழுத்து என்று உங்களில் பாதிப் பேர் முணுமுணுக்கிறீர்களாம். செக்கிங் டேபிளில் இருப்பவர் ஒன்று போட வேண்டும், தைத்தவர் எழுந்து வந்து இன்னொன்று போட வேண்டும், இதிலேயே பத்து நிமிஷம் போகிறது, டார்கெட் அடிபடுகிறது. உங்கள் ஹெச்.ஆர். பெண் போனில் சொல்லிவிட்டு, "அந்த ரூலே உங்களாலதான வந்துச்சாம் மேடம், புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றாள். ஆமாம், என்னால்தான் வந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை. இரண்டு வார்த்தையில் முடியவும் முடியாது.

நான் தோலுக்குப் பசை தடவும் பேஸ்டிங் டேபிளில் ஹெல்பராகச் சேர்ந்து, குவாலிட்டி இன்சார்ஜாக ரிட்டையர் ஆனவள். முப்பத்தோரு வருஷம். நான் ரொம்பக் கண்டிப்பு என்று பழைய ஆட்கள் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நானே சொல்கிறேன்.

நான் ரிட்டையர் ஆவதற்கு நாலு வருஷம் முன்பு வரைக்கும் நம் கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் மட்டும்தான் தைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று இத்தாலியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் ஆர்டர் வந்தது. சீட் கவர். மொத்தமே முந்நூறுதான். ஏனென்றால் அந்த வண்டியே மொத்தம் முந்நூறுதான் செய்வார்களாம், அதோடு சரி, இனிமேல் கேட்டாலும் கிடையாது. வண்டிக்கு ஒரு நம்பர் உண்டு, சீட்டின் பின்பக்கத் தோலிலும் அதே நம்பரைத் தங்க நிறத்தில் அழுத்தியிருக்க வேண்டும். அந்த வண்டியின் விலைக்கு ஆம்பூரில் வீடு கட்டி மாடியும் எடுத்துவிடலாம். வாங்குகிறவர்கள் அதை ரோட்டில் ஓட்டக்கூட மாட்டார்களாம். ஹாலில் நிறுத்தி, லைட் போட்டு, விருந்தாளிகளுக்குக் காட்டுவார்களாம்.

வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாக்கா இது, பின்னாடி ஒக்கார எடமே இல்ல. புருஷன் மட்டும் இதுல போவான், பொண்டாட்டி பஸ்ல வரணுமா?" என்று ஒருத்தி கேட்க, லைன் முழுக்கச் சிரிப்பு. கேலி செய்தார்களே தவிர, வேலையில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தைத்தார்கள்.

அந்த லைனில் நல்ல கை கோகிலாவுடையது. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். வீட்டுக்காரர் கொஞ்சம் நிலம் வைத்துக் கடலை போடுகிறார். அதிகம் பேச மாட்டாள். சீட்டின் வளைவில் இரட்டைத் தையல் ஓட்ட வேண்டும், அங்கேதான் எல்லோருக்கும் ஊசி தடுமாறும். கோகிலா அந்த வளைவில் மிஷினை நிறுத்தவே மாட்டாள். வேண்டுமென்றே பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன், ஒரு தையல்கூடத் தள்ளி விழுந்திருக்காது.

இந்த ஆர்டருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பீஸ் தப்பாகிவிட்டால், நம்பர் இருக்கும் இடத்தில் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டிய நம்பர் துண்டை ஓர் உறையில் போட்டு வைத்து, கடைசி லாட்டோடு இத்தாலிக்கு அனுப்ப வேண்டும். வெட்டிய பிறகுதான் அதே நம்பரில் வேறொன்று தைக்கலாம். ஒரே நம்பரில் இரண்டு சீட் உலகத்தில் இருந்தால், முந்நூறு என்று அவர்கள் சொல்வதே பொய்யாகிவிடும். வெட்டுவதும், துண்டைப் பத்திரப்படுத்துவதும், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. அப்போது ஒரே கையெழுத்துதான்.

நூற்றுப் பதினாலை கோகிலா தைத்தாள். டியூப் லைட்டின் கீழே சாய்த்துப் பார்த்தபோது, இழுத்துத் தைத்த இடத்தில் கடுகளவுக்கு ஒரு தழும்பு மேலே வந்திருந்தது. மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடம். கோகிலாவின் தப்பு இல்லை, தோலின் தப்பு. ஷூவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன். இது அப்படி முடியாது. ரிஜெக்ட் என்று எழுதினேன். ரிஜிஸ்டரை அன்றைக்கு மூட வேண்டிய நேரம், அதனால் 'வெட்டப்பட்டது' என்றும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பிறகு கத்தரியை எடுத்தேன்.

வெட்ட முடியவில்லை. நம்புங்கள், கை வரவில்லை. இந்த ஊரில் தோலில் வீண் என்று ஒன்று கிடையாது. பெரிய துண்டு ஷூவுக்கு, சின்னது பர்ஸுக்கு, அதிலும் சின்னது சாவிக்கொத்துக்கு என்று பழகியவள் நான். முழுசாக, அத்தனை அழகாகத் தைத்த ஒரு பீஸை நடுவில் வெட்டிப் போட மனசு கேட்கவில்லை. காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஆயுத பூஜைக்காக ஃப்ளோரைச் சுத்தம் செய்யும் நாள். உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு மிஷின், மேசை, மூலை முடுக்கு ஒன்றும் விடமாட்டார்கள். அதே நாளில் டேமேஜ் சேலும் உண்டு. கழித்துப் போட்ட துண்டுகளையும் பீஸ்களையும் பை பையாகக் கட்டி, ஸ்டாஃபுக்குச் சின்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் மேசைக்கு அடியில் இருந்ததையும் வாரிக் கட்டிவிட்டார்கள். நான் அன்று பூஜைச் சாமான் வாங்க வெளியே போயிருந்தேன். லீவு முடிந்து வந்து பார்த்தால் சீட் கவர் இல்லை. குப்பைக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதே மேனேஜரிடம் போய், "சார், ஒரு பீஸ் வெட்டாமல் தொலைந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். சொல்லவில்லை.

என் கையெழுத்தை நம்பி அதே நம்பரில் வேறொன்று தைத்து, அது இத்தாலிக்கும் போய்விட்டது. இரண்டு மாதம் ஓடியது. கடைசி லாட் மேசைமேல் இருந்தது. ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ. ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மொபெட். முன்னால் ஒரு கடலை மூட்டை, பின்னால் ஒரு கடலை மூட்டை. நடுவில் கருஞ்சிவப்புத் தோலில் சீட். பக்கங்களில் ரெக்சின் ஒட்டுப் போட்டு அந்த வண்டிக்குத் தகுந்தாற்போல் ஆக்கியிருந்தார்கள். பின்னால் தங்க நிறத்தில் 114. யாரோ வேடிக்கையாகப் படம் பிடித்து நெட்டில் போட்டிருக்கிறார், அது கைமாறிக் கைமாறி இத்தாலிக்கே போய்விட்டது. உண்மையான நூற்றுப் பதினாலை வாங்கியவர் அங்கே சத்தம் போடுகிறாராம். சாயங்காலத்துக்குள் விளக்கம் வராவிட்டால் கடைசி லாட்டை எடுக்க மாட்டோம் என்று மெயில்.

வண்டி கோகிலா வீட்டுக்காரருடையது என்று பஸ்ஸில் வரும் பெண்கள் அடையாளம் சொல்லிவிட்டார்கள். அவளைக் கூப்பிட்டார்கள். நானும் ரிஜிஸ்டரோடு அங்கேதான் நின்றேன்.

"இந்த சீட் கவர் ஏதும்மா?" என்றார் மேனேஜர்.

"டேமேஜ் சேல்ல வாங்குன பையில இருந்துச்சு சார். நான் தைச்சதுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. சேல்ல வந்துச்சுன்னா எடுத்துக்கலாம்னு நெனச்சுட்டேன்."

அவர் ரிஜிஸ்டரைத் திருப்பினார். "நூத்திப் பதினாலு வெட்டியாச்சுன்னு மேடம் கையெழுத்து போட்டிருக்காங்க. மேடம் போட்டா போட்டதுதான். அப்போ நீ ஒண்ணு ஜாஸ்தியா தைச்சு எடுத்துனு போயிருக்க."

"இல்ல சார். சத்தியமா இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா மேடம் சொல்றீங்க?"

நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "ரிஜிஸ்டர்ல இருக்கிறதுதான் சார்" என்றேன்.

எனக்கு அப்போது சர்வீஸில் நாலு வருஷம் பாக்கி. மகள் வேலூரில் நர்சிங் மூன்றாம் வருஷம். இதெல்லாம் காரணமாகுமா? ஆகாது. ஆனால் அந்த ஒரு நொடியில் இவ்வளவும் கண் முன்னால் வந்தது, வாய் அப்படிச் சொல்லிவிட்டது. என் மேசை டிராயரில் அந்த உறை இருந்தது. ரிஜிஸ்டரில் பதினோரு ரிஜெக்ட், உறையில் பத்தே துண்டு. அதை எடுத்து வா என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பிள்ளைகளே, நல்ல பெயர் சம்பாதிப்பது முக்கியம்தான். ஆனால் அது இன்னொருத்தியின் கழுத்தில் எப்படி இறங்கும் என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

நாலு மணிக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்றார் மேனேஜர். கோகிலா அழவில்லை. "இன்னும் ஆறு பீஸ் இருக்குது சார். அத தைச்சு முடிச்சுட்டு எழுதித் தரவா? பாதியில உட்டா வேற கை பட்டது தெரியும்" என்றாள். மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையை ஆட்டினார். அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். கூடவே பஸ்ஸில் வருகிறவர்கள்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் அச்சு இருக்கும் பிரஸ் ரூம் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரு கழிவுத் துண்டை எடுத்து, 114 என்று அழுத்தி, பாதியாக வெட்டி உறையில் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். பிறகு யார் எதைத் திறந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அந்தக் கதவு வரைக்கும் போனேன். சாவியைப் போட்டுத் திருப்பவும் செய்தேன். கர்த்தரே என்று ஒரு வார்த்தை வந்தது, அதற்குமேல் ஜெபமும் வரவில்லை. மறுபடி பூட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரும்பி வந்தேனே தவிர, உண்மையைச் சொல்லும் தைரியமும் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன்.

இரண்டரை மணி இருக்கும். கோகிலா தைத்த பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், இதப் பாத்து சைன் பண்ணிடுங்க" என்றாள்.

நான் லைட்டின் கீழே பிடித்துப் பார்த்தேன். வளைவில் இரட்டைத் தையல், எப்போதும்போல. அன்றைக்கும் ஒரு தையல்கூடத் தள்ளி விழவில்லை. பேனாவை எடுத்தேன். பாஸ் என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட வேண்டும். காலையில் அவளை வெளியே அனுப்பியதும் இதே பெயர்தானே? பேனா அசையவில்லை. அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்து, டிராயரிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி ரூமுக்குப் போய்விட்டேன்.

முதலாளி தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். "கோகிலா ஒண்ணும் எடுக்கல முதலாளி. நான்தான் வெட்டாமலே வெட்டினேன்னு எழுதிட்டேன்" என்றேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் கேபினில் சொன்ன அந்த ஒரு வரியையும் சொன்னேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வேற எத்தன வெட்டாம உட்டீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

உறையை மேசைமேல் கொட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து அவரே ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்தார். பத்தும் சரியாக இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் உடனே, "மொதல்ல இத்தாலிக்கு மெயில் போட்டுடலாம் சார், நேரம் ஆகுது" என்றார்.

"இத்தாலி எங்க போய்ட போவுது? மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய் சொல்லுங்க. அவளக் கூப்பிட்டு இங்க வெச்சு சொல்லக் கூடாது. எல்லாரும் பாத்தாங்கல்ல, அங்கயே சொல்லணும்" என்றார் முதலாளி.

அவ்வளவு நெருக்கடியில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்காக அந்த மனுஷனுக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். நானும் மேனேஜரும் ஃப்ளோருக்குப் போனோம். மிஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். மேனேஜர், "என்னை மன்னிச்சிடும்மா, விசாரிக்காம பேசிட்டேன்" என்று கோகிலாவிடம் சொன்னார். தன்னைவிடச் சின்னவளிடம், லைன் முழுக்கப் பார்க்க, ஒரு மேனேஜர் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "சரி சார்" என்றாள். என்னிடமும் "சரி மேடம்" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு இத்தாலிக்குப் பேசினோம். வீடியோ காலில் அவர்களுடைய ஆள் ஒருவர். என் ஓட்டை இங்கிலீஷில் நானே சொன்னேன். ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். "ஸ்டிச்சிங் வெரி குட் சார்" என்றேன், அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர், அந்த சீட் கவரை இன்றைக்கே வெட்டி வீடியோ அனுப்புங்கள், துண்டும் உறையில் வர வேண்டும், இனிமேல் ரிஜெக்டுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், இதற்குச் சம்மதம் என்றால் லாட்டை எடுத்துக்கொள்கிறோம் என்றார். எனக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. வேலை போகவில்லை.

கோகிலாவையும் ஏற்றிக்கொண்டு நானும் மேனேஜரும் கம்பெனி ஜீப்பில் அவள் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமும்கூட. என்ன ஆனாலும் கடைசியில் நானாக எழுந்து போய் ஒப்புக்கொண்டேன், என் மனசாட்சி என்னைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வெயில் இன்னும் இருந்தது. அவள் வீட்டுக்காரர் நிலத்திலிருந்து வந்து, நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார். "எடுத்துக்கங்க மேடம், கம்பெனி பொருளு. ஆனா ஒண்ணு சொல்லணும். மழை பேஞ்சா ஊறல, மூட்டை வெச்சா அழுந்தல. புள்ளைங்களோட நாலு பேரும் இதுலதான் ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு எல்லாம் போய்னு வந்தோம்" என்றார். அவரே ஸ்பேனர் கொண்டுவந்து கழற்றி, தன் தோள்துண்டால் ஒரு தரம் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

மேனேஜர் போனைப் பிடித்துக்கொண்டார். கத்தரியை எடுத்ததும் மறுபடி எனக்குக் கை வரவில்லை. கோகிலா குனிந்து இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்தாள். "நம்பர் மேலயே வெட்டணும் மேடம். நேரா வெட்டுங்க" என்றாள். வெட்டினேன். நன்றாகத் தைத்த தோல் சுலபத்தில் வெட்டுப்படாது.

மேனேஜர் வீடியோ அனுப்ப சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் போனார். கோகிலா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளியிடம்கூடச் சொல்லாத ஒன்று எனக்குள் இருந்தது. அவளுக்காவது தெரிய வேண்டும் என்று தோன்றியது.

"கோகிலா, மத்தியானம் நான் பிரஸ் ரூம் வரைக்கும் போனேன். புதுசா ஒரு நம்பர் துண்டு அடிச்சு உறையில போட்டுடலாம்னு" என்றேன்.

"பாத்தேன் மேடம். என் மிஷின்லேந்து அந்தக் கதவு தெரியும்."

"பாத்துட்டு ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா யாரு மேடம் நம்புவாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க பூட்டிட்டுத் திரும்பி வந்துட்டீங்க. சாப்புடக்கூட இல்ல. சரி, இவங்களால முடியல, எப்படியும் சொல்லிடுவாங்கன்னு தோணுச்சு. ஆனா நாலு மணி ஆய்ட்டா இன்னா பண்றது? லாட் முடிஞ்சப்புறம்தான சைன் வாங்குவோம். இன்னிக்கு ஒரு பீஸ முடிச்சவுடனே தனியா எடுத்துனு வந்தேன். எம் முன்னாடி உங்க பேரப் போட முடியுதான்னு பாக்கலாம்னு."

ஜீப்பில் வரும்போது என் மனசாட்சி என்று எதை நினைத்துக்கொண்டு வந்தேனோ, அது கையில் பீஸோடு என் எதிரே வந்து நின்ற இவள்தான். அன்றைக்கு அவள் காப்பாற்றியது என் வேலையை மட்டும் இல்லை, என்னையும்தான். டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஜீப் ஏறி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரே ஃப்ளோரில் இருந்தோம், அப்போதும் சொல்லவில்லை. இதை ஃப்ளோரில் படிக்கும்போது அவளும் இருப்பாள், உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நன்றி, கோகிலா.